எதில் பட்டது

ஆரப்பாளையத்தில், புட்டுத்தோப்புக்குப் போகிற வழியில்,
ஒரு டிங்கரிங் பட்டறையின் மாடியில்
சனிக்கிழமை ராத்திரிகளில் நாங்கள் ஐந்து பேர்
வேறு ஆட்களாக இருப்போம்.

ஆட்டத்தை நடத்துபவர் துளசிராம்.
பகலில் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர்.
பம்பருக்குப் பாதி, டியூபுக்கும் பாதி,
பழைய கீறலுக்குப் பைசா கிடையாது
என்று சொல்லிச் சொல்லியே நரைத்தவர்.
பூதம் கதாயுதத்தை ஓங்கினாலும்
அவர் கேட்பது ஒன்றுதான்:
"எதில் பட்டது?"

ஒருவன் முதுகில் விழுந்த பிரம்படி
ஊர் முதுகிலெல்லாம் பட்டதாய்
ஆவணிக்கு ஆவணி சொல்கிற பேட்டை இது.
இங்கே அப்படிக் கேட்பது நியாயம்தான்.

மற்ற இடங்களில் ஆடியிருக்கிறேன்.
அங்கே அடி உயிருக்கு மட்டும்.
எட்டு மணி நேரம் தூங்கினால்
முறிந்த விலா கூடிவிடும்.
வாளைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.
துளசிராமிடம் நாம் தூங்கலாம்,
வாள் தூங்காது.
நேற்றைய பிசிறு இன்றைக்கும் அங்கேயே இருக்கும்.
நனைந்த கயிறு நனைந்த கயிறுதான்.

என் ஆள் பெயர் வேங்கைமாறி. கேடயக்காரி.
பதினான்கு மாதமாய் ஒரே கேடயம்.
அடி வாங்கினால் கட்டத்தில் எண்ணை அழித்துக்
குறைத்து எழுத வேண்டும்.
கொல்லனிடம் காசு கொடுத்தால்
அழித்துக் கூட்டி எழுதலாம்.
ஏழு, ஆறு, ஐந்து, ஆறு, மூன்று, ஐந்து, நான்கு.

கீழே பட்டறை வைத்திருக்கும் உக்கிரபாண்டி
(மேலே அவன் ஒரு திருடன்)
சேர்ந்த முதல் நாளே சண்டைக்கு வந்தான்.
"சைபர் வந்தா ஒடஞ்சிருமா?
தகரம் என்ன தேங்காயாண்ணே?
மொதல்ல ஒடுங்கும். ஒடுக்க எடுத்துரலாம்.
எடுத்த எடத்துலயே திரும்பத் திரும்ப விழுந்தா
அப்பத்தான் கிழியும்."
அவன் போடும் எஸ்டிமேட்டை
திங்கள் முதல் வெள்ளி வரை பாதியாய் வெட்டுபவர்
அன்றைக்கு மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, நல்ல மழை.
பாலத்தடியில் கல்பூதம்.
அடி மூன்று.
நான் ரப்பரை எடுத்து நான்கைத் தேய்த்தேன்.
தாள் கிழிந்தது.
எண் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை,
ஓட்டை வழியே மேஜை விரிப்பின் நீலப் பூ.

உக்கிரபாண்டி மட்டும் சிரித்தான்.
"எடுத்த எடத்துலயே."

எங்கள் மந்திரவாதி ஷெரின் பானு
வங்கியில் கேஷியர்.
"நம்பர் முழுசா இருந்தா
கிழிஞ்ச நோட்டுன்னாலும் மாத்தலாம்.
நம்பரே போச்சேக்கா."

ஜெபஸ்டின் செல்லோ டேப் கொண்டுவந்து ஒட்டினான்.
"ம், கழிங்க," என்றார் துளசிராம்.
டேப் மேல் பென்சில் வழுக்கியது.
அழுத்தினேன். எச்சில் தொட்டு எழுதினேன்.
ஒன்றும் ஏறவில்லை.
எழுத முடியாததைக் குறைக்கவும் முடியாது.

அவர் செல்போன் டார்ச்சைப் போட்டார்.
தாளைத் திருப்பினார், விரலால் நீவினார்,
விபத்தில் நொறுங்கிய காரைச் சுற்றி வருகிறவர் மாதிரி
மேஜையை ஒருமுறை சுற்றியே வந்தார்.
"டோட்டல் லாஸ்.
புதுசு தர்றேன், பத்துப் புள்ளி.
வழக்கம்போல இது எங்கிட்ட வந்துரணும்."

பத்து என்றால் ராஜ கேடயம்.
பூதத்தை இன்னும் நாலு சுற்று தாங்கும்.

"தர மாட்டேன்."

"அப்பக் காசும் கிடையாது."

"வேணாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று
பாலம் ஏறி செல்லூர் போகும்போது யோசித்தேன்,
பிடிபடவில்லை.
அந்த நேரத்தில் யோசிக்க அவகாசமும் இல்லை.
பூதத்தின் முறை.
கீழே தார்ப்பாய் விலகிய ஏதோ ஒரு பானட்டில்
மழை அடித்துக்கொண்டிருந்தது.
பகடை உருண்டு முறுக்குத் தட்டில் முட்டி நின்றது.
பதினேழு.

"எதில் பட்டது?"

"கேடயத்துல."

எத்தனையிலிருந்து கழிப்பது?
ஐந்து தலைகள் தாளுக்கு மேல் குனிந்தன.
டேப்புக்கு அடியில்
நீலப் பூ.